ஒரு ஆளா, அஞ்சு ஆளா?

2019 ஜூன் மாதம் நீங்கள் சென்னையில் இருந்திருந்தால் குடத்தின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வறண்டு, நகரமே லாரித் தண்ணீரை நம்பி உட்கார்ந்திருந்த நாட்கள். திருவொற்றியூரில் ஒரு நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். தெருமுனையில் மெட்ரோ வாட்டர் லாரி இன்னும் வரவில்லை. வரிசை மட்டும் வந்துவிட்டிருந்தது. வரிசையில் மனிதர்கள் யாரும் இல்லை. பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள். குடத்துக்குச் சொந்தக்காரர்கள் வீட்டுக்குள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடம் நின்றால் ஒரு ஆள் நிற்பதாக அர்த்தம். எழுதாத சட்டம்.

லாரி வந்தது, கூடவே சண்டையும். ஒரு அம்மாவுக்கு வரிசையில் அஞ்சு குடம் இருந்தது தெரிந்துபோயிற்று. அடுத்தடுத்து வைத்திருந்தால் பார்த்த உடனே தெரிந்திருக்கும். நாலாவது, ஒன்பதாவது, பதினஞ்சாவது என்று விட்டு விட்டு, வேறு வேறு கலரில் வைத்திருந்தார். பின்னால் இருந்த பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இன்னாக்கா, நீ ஒரு ஆளா, அஞ்சு ஆளா?"

சங்கரர், ராமானுஜர் எல்லாம் மோதிக்கொண்ட கேள்வி. அங்கே கிட்டத்தட்ட கைகலப்பில் போய் நின்றது.

நண்பர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். அன்றைக்கு வீட்டில் இல்லை. துறைமுக கேட்டுக்கு வெளியே எண்ணூர் ரோட்டில் வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பையன்தான் இருந்தான், காலேஜ் இரண்டாம் வருஷம். என்னை உட்காரச் சொல்லிவிட்டு லேப்டாப்பில் கண்ணை நட்டான். எட்டிப் பார்த்தேன். திரை நாலு கட்டமாகப் பிரிந்திருந்தது. முதல் கட்டத்தில் ஒரு பொம்மை மனிதன் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டாவதில் ஒருவன் மரம் வெட்டினான். மற்ற இரண்டு பேர் பாறை உடைத்தார்கள். (காசிமேட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கம்ப்யூட்டரில் மீன் பிடிப்பானேன் என்று தோன்றியது. கேட்கவில்லை.)

"இந்த நாலு பேரும் யாருப்பா?"

"நான்தான் அங்கிள். நாலு அக்கவுண்ட்."

ஆட்டத்தின் பெயர் ரூன்ஸ்கேப். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜாகெக்ஸ் என்ற கம்பெனியின் தயாரிப்பு. 2001-ல் வந்த ஆட்டத்தின் பழைய வடிவத்தை 2013-ல் மறுபடி திறந்துவிட்டார்கள். கனம் குறைவு, பழைய மெஷினிலும் ஓடும். பையனின் மெஷின் பிளஸ் டூ-வில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். 2011-ல் தொடங்கிய திட்டம். விண்டோஸோடு 'பாஸ்' என்று ஒரு லினக்ஸையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இவன் திறந்து பார்த்தவன். விண்டோஸ் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அதைத் துடைத்துப் போட்டுவிட்டு, முழுசாக லினக்ஸுக்கு மாறி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய மெமரி ஒன்று வாங்கிச் சொருகி, நாலு பேராகிவிட்டான்.

லினக்ஸுக்கும் அதன் தாத்தாவான யூனிக்ஸுக்கும் இதில் ஒரு வேடிக்கையான சம்பந்தம் உண்டு. 1969-ல் பெல் லேப்ஸில் யூனிக்ஸ் பிறந்தபோது கம்ப்யூட்டர் என்பது யானை விலை. ஒரு மெஷினைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு அறை, ஒருத்தர் அறைக்குள் இன்னொருத்தர் மூக்கை நுழைக்க முடியாதபடி பூட்டு என்று அமைத்தார்கள். 1991-ல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை ஆரம்பித்தபோது இந்தக் குடித்தன முறையும் கூடவே வந்தது. ஒண்டுக்குடித்தனம் என்றால் சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். பல பேர் ஒரு கூரையின் கீழ் சண்டையில்லாமல் இருப்பதற்காகக் கட்டின வீட்டில், இப்போது ஒருத்தனே நாலு பெயரில் குடியிருக்கிறான்.

விண்டோஸுக்கென்றே எழுதின ஆட்டமாக இருந்தாலும் வழி உண்டு. 'வைன்' என்று ஒரு மென்பொருள், 1993-லிருந்து வளர்ந்து வருவது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனி ஃபோல்டர் போட்டு, அதற்குள் ஒரு பொய்யான சி டிரைவை வைத்துவிடும். உள்ளே போன ஆட்டம் தான் ஏதோ ஒரு தனி விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். நாலு ஃபோல்டர் போட்டால் நாலு கம்ப்யூட்டர் என்று ஆட்டத்துக்குத் தோன்றும். கலர் கலராகக் குடம் வைத்த அந்த அம்மாவின் யுக்திதான்.

"இது தப்பில்லையா?" என்று கேட்டேன்.

"ரூல்ஸ்லயே அலவ் பண்றாங்க அங்கிள். ஒரே தட்டுல நாலு பேரையும் ஆட்டி வைக்கிற சாஃப்ட்வேர்தான் போடக்கூடாது. நான் ஒவ்வொண்ணா கையாலதான் தட்டறேன். யாருக்கு இன்னா நஷ்டம்?"

அவன் சொன்னது உண்மை. விதி அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வி என்னோடு பஸ்ஸில் ஏறி வீடு வரைக்கும் வந்தது. உங்களிடம் கேட்கிறேன். நஷ்டம் யாருக்கு?

ஒரே சமயத்தில் பல வேலை செய்வதைத் தப்பென்று சொல்ல முடியாது. நம் ஊரில் அதற்குப் பட்டம் கொடுத்திருக்கிறோம். எட்டு வேலையை ஒரே நேரத்தில் கவனத்தில் வைத்திருப்பவர் அட்டாவதானி. ஒருத்தர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், இன்னொருத்தர் மணி அடிப்பார், மற்றொருவர் முதுகில் பூ எறிவார், எதிரே ஒருவர் சதுரங்கக் காயை நகர்த்துவார். எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்து, கேட்கும்போது சொல்ல வேண்டும். கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் நூறு வேலையைச் செய்து காட்டி 'சதாவதானி' ஆனார். யாரும் அவரைப் பார்த்து "நீ ஒரு ஆளா, நூறு ஆளா?" என்று சண்டைக்குப் போகவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

விஸ்வநாதன் ஆனந்த் 2010 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் நடந்த உலகக் கணித மாநாட்டில் 40 பேரோடு ஒரே நேரத்தில் செஸ் ஆடினார். 39 பேரைத் தோற்கடித்தார், ஒரு பதினாலு வயதுப் பையனோடு மட்டும் டிரா. ஆனந்தின் ஒரு தலை, எதிரே நாற்பது தலை. பாரமெல்லாம் ஆனந்தின் பக்கம். அந்த மாநாட்டு ஹாலில் இதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். உங்களை நாலு பேர் ஆடும் ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போய் உட்காருகிறீர்கள். எதிரே மூன்று பேர். பாதி ஆட்டத்தில்தான் தெரிகிறது, திரைக்குப் பின்னால் இருந்து மூன்று பேரையும் ஆட்டுவிப்பது ஒரே ஆள் என்று. அவருடைய திறமை ஆனந்த் அளவுக்கே இருக்கட்டும். உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

எனக்கு வரும். தோற்றதற்காக வருகிற கோபம் இல்லை அது. நாலு பேர் என்று எண்ணி உட்கார்ந்தேனே, அந்த எண்ணிக்கை பொய்யாகப் போயிற்றே என்று வருவது. அவதானத்தில் ஒருத்தர் நூறு வேலை செய்கிறார் என்பது சபைக்குத் தெரியும். நாற்பது போர்டிலும் ஆடுவது ஆனந்த் என்று நாற்பது பேருக்கும் தெரியும்.

அதற்காகப் புனைபெயரே கூடாது என்று சொன்னால் நம் பத்திரிகை உலகம் பாதி காலியாகிவிடும். கல்கியே 'கர்நாடகம்' என்று ஒரு பெயரில் சங்கீத விமர்சனம் எழுதினார், 'தமிழ்த் தேனீ' என்று இன்னொரு பெயர் வைத்திருந்தார். படித்தவர்களுக்கு லாபம்தான். கர்நாடகத்துக்கும் கல்கிக்கும் தனித்தனியாக ஓட்டுப் போடச் சொல்லியிருந்தால்தான் விவகாரம்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆட்டத்தில் இரும்புத் தாதுப் பாறை என்று ஒன்று உண்டு. ஒருத்தர் உடைத்து எடுத்துவிட்டால் சில விநாடிகளுக்கு அது வெறும் பாறை. மறுபடி ஊறும்வரை நிற்க வேண்டும். லாரி குழாயேதான். அங்கே பையனின் இரண்டு பொம்மைகள் நிரந்தரமாக நிற்கின்றன. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஒற்றை அக்கவுண்டோடு வந்து, கோடாலியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் போகிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் "ஏரியாவில் கூட்டம்" என்பது. கூட்டம் திருவொற்றியூரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே பனியனோடு உட்கார்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

போனில் இதைப் பையனிடம் சொன்னேன். "சில விநாடிதானே அங்கிள்" என்றான். அந்த அம்மாவும் "அஞ்சு குடம்தானே" என்றுதான் சொன்னார்.

கம்பெனிகளுக்கு இதெல்லாம் ரொம்ப நாளாகத் தெரியும். ஐந்து அக்கவுண்ட் என்றால் மாசாமாசம் ஐந்து சந்தா. கடைக்காரர் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்? ஈவ் ஆன்லைன் ஆட்டத்தை நடத்துகிறவர்கள் 2015 ஜனவரியிலிருந்து ஒரே தட்டலைப் பல அக்கவுண்டுகளுக்கு அனுப்பும் மென்பொருளைத் தடுத்தார்கள். 2004-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் அதே தடை 2020 நவம்பரில்தான் வந்தது. பதினாறு வருஷம். இரண்டு இடத்திலும் பல அக்கவுண்ட் வைத்திருப்பது குற்றம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். கோடு எங்கே விழுந்தது பாருங்கள்: நாலு குடம் வைக்கலாம், நாலு குடத்தையும் ஒரே கையால் தூக்கக்கூடாது. வியாபாரிக்குத் தோதான தர்மம். பின்னால் நிற்கும் பெண்ணிடம் கேட்டிருந்தால் கோட்டை வேறு இடத்தில் போட்டிருப்பாள்.

கணக்கு இங்கேயே முடிந்திருந்தால் பையனுக்கு ஒரு நல்லுரை சொல்லிவிட்டு நானும் வேறு வேலையைப் பார்த்திருப்பேன். முடியவில்லை. காரணம் வெனிசுவேலா.

அந்த நாட்டின் பணம் காகிதமாகிப் போனபோது, நிறைய பேர் இதே ரூன்ஸ்கேப்பை வேலையாக எடுத்துக்கொண்டார்கள். பச்சை டிராகன்களைக் கொன்று, எலும்பையும் தோலையும் ஆட்டத்துக்குள் விற்று, வந்த பொம்மைத் தங்கத்தை வெளியே நிஜ டாலருக்கு மாற்றினார்கள். அப்படி மாற்றுவது விதிப்படி குற்றம். ஆனால் அந்த டாலரில் அரிசியும் மருந்தும் வாங்கினார்கள். ஒரு மெஷினில் முடிந்தவரை பல அக்கவுண்டை ஓட்டியவர்களும் அதில் உண்டு. 2017-ல் மற்ற ஆட்டக்காரர்களில் சிலருக்குக் கோபம் வந்து, கிழக்குப் பக்கத்து டிராகன்களிடம் வரும் வெனிசுவேலாக்காரர்களை எப்படி அடையாளம் கண்டு கொல்வது என்று ஒருத்தர் கையேடே எழுதினார். ஸ்பானிஷில் ஏதாவது கேள், பதில் வருகிறதா பார் என்கிற ரகம். பொம்மையைத்தான் கொன்றார்கள், வாஸ்தவம். அதற்குப் பின்னால் ஒரு வீட்டின் ராத்திரிச் சாப்பாடு இருந்தது.

அவர்களும் பல குடம் வைத்தவர்கள்தான். அவர்களாலும் யாரோ ஒரு பிள்ளை டிராகன் கிடைக்காமல் திரும்பிப் போயிருக்கும். அந்தப் பிள்ளைக்குப் போனது ஒரு சாயங்காலப் பொழுது. இவர்களுக்குப் போவது சாப்பாடு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த எனக்குக் கை வரவில்லை. அதே சமயம், அந்தப் பிள்ளை என்னிடம் வந்து "என் இடம் எங்கே?" என்று கேட்டால் "வெனிசுவேலாவில் பஞ்சம்" என்பது அதற்குப் பதில் ஆகுமா? பஞ்சத்தை உண்டாக்கியது அந்தப் பிள்ளை இல்லையே.

எண்ணுகிறவர்கள் எப்போதும் சரியாக எண்ணுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போனதும் அரசாங்கம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. ரேஷன் கடையில் டோக்கன். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்திருந்தது. அண்ணன் தம்பி மூன்று பேர், மூன்று கல்யாணம், மூன்று அடுப்பு, ஒரே கார்டு என்று இருக்கிற வீடுகள் வடசென்னையில் எத்தனை! சுவரெல்லாம் கருப்பாக நிற்கிற அந்த வீட்டில் மூன்று குடும்பம் அரசாங்கக் கணக்கில் ஒரு ஆள். ஒருத்தன் நாலாக நிற்பதைப் பற்றி நான் தர்மம் பேசிக்கொண்டிருக்கும்போது, மூன்று பேர் ஒன்றாக எண்ணப்பட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். இங்கே யாரும் கைகலப்புக்கும் போக முடியாது. யாரோடு போவது?

பையன் அதற்குள் காலேஜ் முடித்துவிட்டான். வேலைக்கு அலைந்துகொண்டிருந்தபோது ஒரு நேர்முகத்தில் நடந்ததைச் சொன்னான். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கிறான். கடைசியில் எதிரே இருந்தவர் விலாசத்தைப் பார்த்திருக்கிறார். திருவொற்றியூர், சென்னை-19. "அந்தப் பக்கம்லாம் கொஞ்சம் ரஃப் ஏரியா இல்ல?" என்று சிரித்தாராம். இவனும் சிரித்துவைத்தானாம். வேலை வரவில்லை. விலாசத்தால்தான் வரவில்லை என்று நிரூபிக்க முடியாது. அதுதான் அதில் இருக்கிற கஷ்டம். சினிமாவில் வடசென்னை என்றால் முதல் ஷாட்டிலேயே கத்தி வந்துவிடுகிறது. இரண்டு தடவை கேரம் உலகச் சாம்பியனாகி, 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயமும் இந்தப் பக்கத்து ஆள்தான் என்பது நேர்முகம் எடுக்கிறவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்புறம் ஒரு வேலை கிடைத்து, சம்பளத்தில் நல்லதாக ஒரு மெஷின் வாங்கினான். அதிலும் லினக்ஸ்தான். 2024 அக்டோபர் கடைசியில் அபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஆட்டக்காரர்கள் லினக்ஸ்காரர்களுக்குக் கதவை மூடினார்கள். திறந்த அமைப்பாக இருப்பதால் ஏமாற்றுகிறவர்களுக்கு அது சௌகரியமாக இருக்கிறது, கண்டுபிடிப்பது கஷ்டம், ஒழுங்காக ஆடும் லினக்ஸ்காரர்கள் அவர்களுக்காக மெனக்கெடும் அளவுக்கு எண்ணிக்கையில் இல்லை என்று காரணம் சொன்னார்கள். வேறு சில ஆட்டங்களும் அந்த வரிசையில் உண்டு. பையன் அப்போது ஆடிக்கொண்டிருந்த ஆட்டமும் ஒரு நாள் திறக்க மறுத்துவிட்டது.

போன் பண்ணினான். நல்ல கோபம்.

"நான் ஒரே ஒரு அக்கவுண்ட்தான் வெச்சிருந்தேன் அங்கிள். ஒரு ஏமாத்து வேலையும் பண்ணல. லினக்ஸ்னு பார்த்ததும் வெளிய போன்றான். எவனோ பண்ணதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்கு அந்தச் சென்னை-19 ஞாபகம் வந்தது. அவனுக்கும் வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அவன் 2019-ல் கேட்ட கேள்வியை நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். நஷ்டம் யாருக்கு என்று. பாறைக்குப் பக்கத்தில் கோடாலியோடு நின்ற பிள்ளைக்கு மட்டும் என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். அடுத்தவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நம்பிக்கையும் அந்தப் பாறையோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டப்படுகிறது என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வெட்டுகிறபோது யாருக்கும் தெரியாது. ஒரு நாள் கதவு சாத்தும்போது வெளியே நிற்பவன், எதையுமே வெட்டாதவனாக இருப்பான். கேட்கவில்லை. கோபமாக இருக்கிறவனிடம் பழைய கணக்கை எடுப்பது அநாகரிகம்.

அந்த ஐந்து குட விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பிறகு விசாரித்தபோது, அதில் இரண்டு குடம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு என்று தெரிந்தது. பாட்டிக்கு முழங்கால் வலி, படி இறங்க முடியாது. மிச்சம் மூன்று அந்த அம்மாவுடையது. தெருவில் பேசிவைத்திருந்தது வீட்டுக்கு இரண்டு குடம். ஆக, ஒரே ஒரு குடம்தான் கூடுதல். அந்த ஒரு குடத்துக்குத்தான் அவ்வளவு சண்டையும், ஐந்துக்கும் சேர்த்து அவ்வளவு வசவும். "பாட்டிக்கு இரண்டு" என்று வாய் திறந்து சொல்லி, ஐந்தையும் ஒரே இடத்தில் வைத்திருந்தால் ஒருத்தர் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நண்பரின் மனைவி சொன்னார். கேட்டிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். மூன்றாவது குடத்தை.

போன மாதம் பையனைப் பார்த்தேன். பழைய ஆட்டத்தில் இன்னும் நுழைகிறானாம்.

"இப்ப எத்தனை பேரு நீ?"

"ஒரே ஆள்தான் அங்கிள்."

எனக்குச் சந்தோஷம். நாலு வார்த்தை பாராட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ஆபீஸ் போயிட்டு வரவே ஒம்போது மணி ஆகுது. இதுல எங்க நாலு அக்கவுண்ட் ஓட்றது?" என்றான்.

அவனுடைய அப்பாவை அன்றைக்கும் பார்க்க முடியவில்லை. துறைமுக வரிசையில் இருந்தார். டிரெய்லரைப் போட்டுவிட்டு நகர முடியாது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும்.